மலையின் வலிமையும் மனிதனின் கணக்கும்

மலைநாட்டிலே பிறந்து வளர்ந்த எமக்கு மலை புதுமையன்று. காலையிற் கண் விழித்தால் எதிரே மலை. பிரட்டுக்குப் போனால் மலை. மாலையில் லயத்துக்குத் திரும்பினால் அதன் முதுகுப்புறத்தே நிற்பதும் மலை. தேயிலை நிற்கும் நிலத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் தோட்டத்துத் தமிழில் மலை என்றே பெயர். "இன்றைக்கு எந்த மலை?" என்று கேட்டுக்கொண்டே எம் தாய்மார் கூடையைத் தலையில் மாட்டுகின்றனர். ஆயினும், "இந்த மலை எதனால் நிற்கிறது?" என்ற கேள்வியை நாம் கேட்பதில்லை. மழைக்காலத்து இரவொன்றிலே மண் நகர்ந்து, ஒரு லயத்தையோ ஒரு பாதையையோ மூடிய பின்னர்தான் அக்கேள்வி எழுகின்றது.

அட்டனிலிருந்து கொழும்பு நோக்கிப் புகையிரதத்திற் செல்வோர் யாவரும் வட்டவளையைக் கடந்தே செல்ல வேண்டும். இலங்கையில் மழை மிகுந்த இடங்களுள் அதுவும் ஒன்று. அங்கே 1992-ம் ஆண்டு யூன் மாதத்தில் மலைச்சாரல் ஒன்று புகையிரதப் பாதையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நகர்ந்தது. அந்த மண்ணுக்கு எவ்வளவு வலிமை இருந்தது, அது எப்படிக் குறைந்தது என்று அறிஞர்கள் பின்னர் கணக்கிட்டனர். அந்தக் கணக்கு ஒரு நாளில் தோன்றியதன்று. ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டு வரலாறு அதற்கு உண்டு. அவ்வரலாற்றையும், அது எம் மலைகளுக்கு வந்து சேர்ந்த வழியையும் இம்மலரின் வாசகர்களான வாலிபர்க்கும் பெரியோர்க்கும் எடுத்துரைப்பதே எமது நோக்கம்.

தீவொன்றிலே தொடங்கிய கதை

மண்ணின் வலிமையைக் கணக்கிற் கொண்டுவந்தவர்களுள் முதலில் வைத்து எண்ணப்படுபவர் சார்ள்ஸ் ஒகுஸ்தான் குலோம் என்னும் பிரான்சிய இராணுவப் பொறியியலாளர். மின்னியலிலும் இவர் பெயரை மாணவர்கள் படிக்கின்றனர். இவர் 1764-ம் ஆண்டில், தமது இருபத்தெட்டாம் வயதில், மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றாகிய மார்த்தினிக்குக்கு அனுப்பப்பட்டார். அது அடிமைகளின் உழைப்பிலே கரும்பு விளைந்த வெப்பநாட்டுத் தீவு. அங்கே கோட்டை ஒன்றைக் கட்டும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. கோட்டை மதிலுக்குப் பின்னாற் குவிக்கும் மண் மதிலை எவ்வளவு விசையோடு தள்ளும்? மதிலை எவ்வளவு தடிப்பாகக் கட்ட வேண்டும்? தடிப்புக் குறைந்தால் மதில் விழும். கூடினாற் பணம் வீணாகும். எட்டு ஆண்டுகள் அத்தீவில் உழைத்து, உடல்நலம் கெட்டு, 1772-ம் ஆண்டில் அவர் நாடு திரும்பினார். மறு ஆண்டிலே பாரிசின் விஞ்ஞானக் கழகத்தின் முன் தம் ஆராய்ச்சியைப் படித்தார். 1776-ம் ஆண்டில் அது அச்சாயிற்று.

குலோம் கண்ட உண்மை எளியது. மண் நழுவாமல் நிற்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, மண்மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் பிணைவு. களிமண்ணில் இது மிகுதி. உலர்ந்த மணலில் இல்லை. மற்றொன்று, மணிகளிடையே உள்ள உராய்வு. இவ்வுராய்வு, மேலிருந்து அழுத்தும் பாரம் கூடக் கூடத் தானும் கூடும். உலர்ந்த மணலைக் கொட்டிப் பாருங்கள். அது ஒரு குறிப்பிட்ட சரிவோடு குவிந்து நிற்கும். அச்சரிவின் கோணமே ஏறத்தாழ அம்மணலின் உராய்வுக் கோணமாகும். பிணைவையும் உராய்வையும் கூட்டினால் மண்ணின் வலிமை கிடைக்கும். இன்றைய கணனிகள் செய்யும் பெருங் கணக்குகளுக்கும் இந்தச் சிறிய கூட்டலே அடிப்படை.

புகையிரதம் கற்பித்த பாடம்

மதிலுக்குப் பின்னாலுள்ள மண்ணைக் கணக்கிடலாம். மதிலே இல்லாத மலைச்சாரலை எப்படிக் கணக்கிடுவது? இதற்கு விடை சுவீடன் நாட்டிலிருந்து வந்தது. அங்கே மென்களிமண் நிலத்தின் வழியே புகையிரதப் பாதைகள் சென்றன; அவை அடிக்கடி சரிந்தன. அதனால் 1914-ம் ஆண்டில் அந்நாட்டு அரச புகையிரதப் பகுதி ஓர் ஆராய்ச்சிக் குழுவை நியமித்தது. அதன் தலைவர் வொல்மார் பெலேனியசு. குழு வேலைசெய்துகொண்டிருந்தபோதே, 1916-ம் ஆண்டில் கோதன்பேர்க்குத் துறைமுகத்தில் ஒரு கரை சரிந்தது. மறுபடியும் 1918-ம் ஆண்டு ஒக்டோபரில், யேட்டா என்னுமிடத்திலே பாதையின் அணை சரிந்ததனால் ஒரு புகையிரதம் கவிழ்ந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

சரிந்த இடங்களைத் தோண்டியும் துளையிட்டும் பார்த்த சுவீடியர், மண் நழுவிய தளம் பெரும்பாலும் ஒரு வட்டத்தின் வில்லைப் போல வளைந்திருப்பதைக் கண்டனர். அதன்மேல் அவர்கள் வகுத்த முறை இது: மலைச்சாரலின் குறுக்குவெட்டை வரைந்து, அதில் ஒரு வில்லை வரைக. வில்லின் மேலுள்ள மண்ணைப் பாணை அரிவது போலத் துண்டு துண்டாகப் பிரிக்க. ஒவ்வொரு துண்டும் கீழே நழுவ முயலும் விசை எவ்வளவு, அதைத் தடுத்து நிற்கும் வலிமை எவ்வளவு என்று கணித்துக் கூட்டுக. தடுக்கும் வலிமையை நழுவச் செய்யும் விசையால் வகுத்தால் வருவதே காப்புக் காரணி. அது 1-க்கு மேலானால் மலை நிற்கும்; 1 ஆனால் நூலிழையில் நிற்கும்; அதற்குக் கீழே போனாற் சரியும். இப்படி ஒரு வில்லை மட்டுமல்ல, பல வில்களை வரைந்து, அவற்றுள் மிகக் குறைந்த காரணி எதில் வருகிறதோ அதையே மலையின் காரணி என்று கொள்ள வேண்டும். சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த வளையத்தின் வலிமையே அன்றோ?

இம்முறையை இலண்டன் இம்பீரியல் கல்லூரிப் பேராசிரியர் அலன் பிசப் 1955-ம் ஆண்டிலே செம்மைப்படுத்தினார். ஒரு சாரலுக்கு இப்படிப் பல வில்களைக் கையாற் கணித்து முடிக்க நாட்கணக்காகும். 1958-ம் ஆண்டளவில் பிரித்தானியாவிலே இக்கணக்கை மின்னணுக் கணனியிடம் ஒப்படைத்தனர். அன்று தொடங்கி, மனிதன் கேள்வி கேட்கவும் எந்திரம் கணக்குப் பார்க்கவும் ஆயிற்று.

நீர் செய்யும் வேலை

இதற்குள் மிகப் பெரிய உண்மையொன்று வெளிப்பட்டிருந்தது. அதைக் கண்டவர் 1883-ம் ஆண்டில் பிராக் நகரிற் பிறந்த கார்ள் தெர்சாகி. முதலாம் உலகப் போர்க் காலத்திலே இவர் துருக்கிக்குப் போய், இசுதான்புல் நகரில் ஆசிரியராயிருந்தார். அங்கே ஆராய்ச்சிசாலை இல்லை, கருவிகள் இல்லை. கழித்துப் போட்ட பொருள்களைப் பொறுக்கியும் சுருட்டுப் பெட்டிகளைக் கொண்டும் தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே செய்துகொண்டார். வசதியில்லை என்று சோர்ந்திருக்கும் எம் வாலிபர் இதை மனத்திற் கொள்ளல் வேண்டும். அந்த உழைப்பின் பயனாக 1925-ம் ஆண்டில் வியன்னாவில் வெளிவந்த அவரது நூலே மண் பொறியியல் என்னும் தனித்துறைக்கு வித்திட்டது.

மழை பெய்தால் மலை ஏன் சரிகிறது? மண் பாரமாகிறது, வழுக்குகிறது என்று நாம் சொல்வோம். அது முழு விடையன்று. பீலித் தொட்டியில் மூழ்கிக் கிடக்கும் கல்லைத் தூக்கிப் பாருங்கள். வெளியில் இருப்பதிலும் அது இலேசாயிருக்கும். மண்மணிகளுக்கிடையே நீர் நிறைந்தாலும் இதுவே நிகழ்கிறது. மேலிருக்கும் பாரத்தின் ஒரு பகுதியை நீர் தாங்கிக்கொள்கிறது; மணிகள் ஒன்றையொன்று அழுத்துவது குறைகிறது; அழுத்தம் குறைய உராய்வும் குறைகிறது. பாரம் அப்படியே இருக்க, அதைத் தடுத்து நிறுத்திய பிடி மட்டும் தளர்ந்துவிடுகிறது. மொத்த அழுத்தத்திலிருந்து நீரின் அமுக்கத்தைக் கழித்து மிஞ்சுவதே மண்ணின் வலிமைக்கு உதவும் என்பதுதான் தெர்சாகி தந்த பாடம்.

இதை ஓர் உதாரணத்தாற் காண்போம். 25 பாகை சரிவுள்ள நீண்ட மலைச்சாரல் ஒன்றை எண்ணிக்கொள்வோம். கீழே கெட்டிப் பாறை. மேலே சில அடி மண். மண்ணின் உராய்வுக் கோணம் 34 பாகை. பிணைவு இல்லையென்றே வைப்போம். ஒரு கன மீற்றர் மண்ணின் பாரம் 18 கிலோநியூற்றன்; அதேயளவு நீரின் பாரம் 9.8. மண்ணில் நீர் தேங்காதபோது காப்புக் காரணி ஏறக்குறைய 1.45. மலை திடமாக நிற்கிறது. பாறைக்கு மேலே மண்ணின் பாதி உயரம்வரை நீர் ஏறினாற் காரணி 1.05. மலை இன்னும் நிற்கிறது; ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பாதியைச் சற்றுக் கடந்ததும் அது 1 ஆகிவிடும். நீர் மேல்மட்டம்வரை வந்தாற் 0.66. ஆனால் அதற்கு நெடுநேரம் முன்னரே மண் போய்விட்டிருக்கும். சரிவு மாறவில்லை, மண் மாறவில்லை. நீர் மட்டுமே மாறிற்று.

இன்னொன்றும் உண்டு. மணலில் விளையாடும் பிள்ளை அறியும்: உலர்ந்த மணலிற் கோபுரம் நில்லாது, சிறிது நனைந்தால் நிற்கும், மிக நனைந்தாற் கரைந்துபோகும். சிறு ஈரம் மணிகளை ஒன்றாக இழுத்துப் பிடிக்கிறது. லயத்தின் பின்னாலே செங்குத்தாக வெட்டப்பட்ட மண்சுவர் பல ஆண்டு அசையாது நிற்பதற்கு இவ்விழுப்பும் ஒரு காரணம். பல நாள் அடைமழையில் அது அற்றுப்போகிறது. "முப்பது வருஷமாக நிற்கிறதே, இனி என்ன ஆகப்போகிறது?" என்னும் பேச்சு எவ்வளவு ஆபத்தானது என்பதை இதனால் உணரலாம்.

கல்லும் கணனியும்

மண்ணின் கதை இவ்வாறாக, கல்லின் கதை வேறு. எம் மலைகளின் பாறைத் துண்டொன்றை உடைக்கப் பெருவிசை வேண்டும். ஆனால் மலையளவான பாறை, துண்டின் வலிமையோடு நிற்பதில்லை. அதில் ஓடும் வெடிப்புக்களின் வலிமையோடே நிற்கிறது. இவ்வுண்மையை உலகம் பெரும் விலை கொடுத்தே கற்றது. பிரான்சிலே மால்பாசே அணை 1959-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் திகதி இரவு உடைந்து நானூறு பேருக்கு மேல் மாண்டனர். அணையின் ஒரு பக்கத்தைத் தாங்கிய பாறை இடம்பெயர்ந்ததே காரணம். இத்தாலியிலே 1963-ம் ஆண்டு ஒக்டோபர் 9-ந் திகதி வயோந்து நீர்த்தேக்கத்துள் ஒரு மலைப்பக்கமே சரிந்து விழ, எழுந்த பேரலையால் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் அழிந்தனர். அதன்பின் பாறையின் வலிமை பற்றிய ஆராய்ச்சி விரைந்து வளர்ந்தது. வெடிப்புக்கள் எத்தனை, அவை எத்திசையிற் செல்கின்றன, அவற்றுள் களி நிறைந்துள்ளதா என்பவற்றையெல்லாம் சேர்த்து, பாறைத் திணிவு முழுவதின் வலிமையை மதிப்பிடும் விதியொன்றை ஹூக், பிறவுண் என்னும் இருவரும் 1980-ம் ஆண்டில் வெளியிட்டனர். நிலத்தடிச் சுரங்கமோ பாறைச் சரிவோ எதுவாயினும் இன்று இவ்விதி பெரிதும் பயன்படுகிறது.

கணனியும் கூடவே வளர்ந்தது. கலிபோர்ணியாவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரே கிளவ் 1960-ம் ஆண்டில் பெயரிட்ட முறை ஒன்று உண்டு; அதை நாம் சிறுகூறு முறை எனலாம். மலையின் உருவத்தைச் சிறு முக்கோணங்களாகவும் நாற்கோணங்களாகவும் ஆயிரக்கணக்கிற் பிரித்து, ஒவ்வொரு கூறும் தன் அயற்கூறுகளை எவ்வாறு தள்ளுகிறது, எவ்வாறு வளைகிறது என்று கணனி கணிக்கிறது. வேல்சு நாட்டுச் சுவான்சியிலே பேராசிரியர் சீன்கீவிச்சும் அவர் தோழரும் 1975-ம் ஆண்டில் இதைக்கொண்டு ஒரு நல்ல வழியைக் காட்டினர். கணனிக்குள் இருக்கும் மலையின் மண்வலிமையைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே போவது. எந்த அளவு குறைத்ததும் மலை நிலைகுலைகிறதோ அந்த அளவே காப்புக் காரணி. இங்கே நாம் வில்லை வரைந்து தேட வேண்டியதில்லை. மலை எந்த வழியாக உடையும் என்பதைக் கணக்கே காட்டிவிடும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கணனி அறிவது நாம் கொடுக்கும் எண்ணை மட்டுமே. சுவீடனின் களிமண் எண்ணைக் கொடுத்து அட்டன் மலைக்கு விடை கேட்டால் அழகான படத்தோடு பிழையான விடை வரும். எனவே அந்தந்த மலையின் மண்ணைத் தோண்டி எடுத்துச் சோதிக்க வேண்டும். அதன் நீர்மட்டத்தை மழைக்காலம் முழுவதும் அளக்க வேண்டும்.

எம் மலைகளின் வரலாறு

மத்திய மலைநாட்டின் பாறைகள் மிகப் பழையன. நைசு, சார்னொக்கைற்று, குவாட்சைற்று எனப் பல பெயர் கொண்ட அவை வெயிலிலும் மழையிலும் காலங்காலமாக உக்கி, ஆழமான மண்ணாக மாறியுள்ளன. உக்கிய மண்ணுக்குள்ளேயும் பழைய பாறையின் வெடிப்புக்கள் மறைந்து கிடக்கும். முன்னொரு காலத்தில் மேலிருந்து சரிந்து வந்து மலையடியிலே தங்கிய மண்ணும் கல்லும் கலந்த படைகளும் பல இடங்களில் உண்டு. ஒருமுறை சரிந்த மண் மறுமுறை சரிய ஆயத்தமாகவே கிடக்கும். இவ்வாறான இடம் சற்றே மட்டமாயிருப்பதால் வீடு கட்டவும் வசதியாகத் தோன்றும். இதுவே எம் துன்பத்தின் வேர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிக்காகப் பெருங்காடுகள் வெட்டப்பட்டன. ஆண்டாண்டு காலம் மண்ணைக் கட்டிப் பிடித்திருந்த வேர்கள் அழிந்தன. ஜேம்சு ரெயிலர் 1867-ம் ஆண்டிலே லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869-ம் ஆண்டில் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிய, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. புகையிரதப் பாதையும் ஏறி வந்து 1885-ம் ஆண்டில் நானுஓயாவை அடைந்தது. அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கம் குடையப்பட்டபோது பெலேனியசும் இல்லை, தெர்சாகியும் இல்லை. அனுபவமும் துணிவும் தொழிலாளரின் தோள்வலியுமே அன்றைய பொறியியல்.

லயங்கள் எழுந்ததும் அக்காலத்திலேதான். தேயிலைக்கு நல்ல நிலம் தேயிலைக்கே ஒதுக்கப்பட்டது. எஞ்சிய இடத்திலே, பல தோட்டங்களில் மலையை வெட்டிய மேடையின்மேல், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் வரிசையாக எழுந்தன. அங்கே குடியிருப்போரிடம் இடத்தைப் பற்றி எவரும் கேட்கவில்லை; மண்ணைப் பற்றிக் கேட்கும் விஞ்ஞானமோ அன்று பிறக்கவில்லை.

ஆயினும் எம் முன்னோர் ஒரு பெருங்காரியம் செய்தனர். மலைக்கு மலை, வரிசைக்கு வரிசை, அவர்கள் கான் வெட்டினர், கல்லுக்கட்டினர். கான் வெட்டும் தொழிலாளி காப்புக் காரணி என்ற சொல்லைக் கேட்டவனல்லன். ஆனால் மழைநீரை மண்ணுக்குள் இறங்கவிடாமல் ஓடைக்குக் கொண்டு போனதால், மலையின் காப்புக் காரணியைக் கூட்டி வைத்தவன் அவனே. அந்தக் கான் இன்று தூர்ந்து கிடந்தால், மேலே சொன்ன கணக்கில் நீர்மட்டம் ஏறும் என்பதை யாவரும் விளங்கிக்கொள்ளலாம்.

1951-ம் ஆண்டில் மண்பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1984-ம் ஆண்டிலே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1986-ம் ஆண்டு சனவரி மாதத்தில் மலைநாட்டில் நேர்ந்த சரிவுகள் ஐம்பது பேரளவிற் பலிகொண்டு, பெருந்தொகையானோரை வீடிழக்கச் செய்தன. அதன் பின்னரே, ஐக்கிய நாடுகளின் உதவியோடு 1990-ம் ஆண்டளவில், பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு அபாய வரைபடம் தயாரிக்கும் வேலை ஆரம்பமாயிற்று. பாறையின் அமைப்பு, மேல்மண்ணின் வகை, சரிவின் அளவு, நீரோட்டம், நிலப்பயன்பாடு, நில உருவம் என்ற ஆறையும் நோக்கி ஒவ்வோரிடத்துக்கும் அபாயத்தின் அளவு குறிக்கப்பட்டது. பின்னர் அவ்வேலை பத்து மாவட்டங்களுக்கு விரிந்தது.

வட்டவளைச் சரிவு அவ்வேளையிலே வந்தது. சரிந்துவிட்ட மலை ஒரு வகையில் நல்ல ஆசான். சரிந்த கணத்திலே அதன் காப்புக் காரணி 1 என்பது நிச்சயம். அதனை வைத்துக்கொண்டு, நழுவிய தளத்தையும் நீர்மட்டத்தையும் அளந்து, மண்ணுக்கு இருந்த வலிமையைப் பின்னோக்கிக் கணித்துவிடலாம். ஒரு பிடி மண்ணைப் பெட்டியிலிட்டுச் செய்யும் சோதனையைவிட, மலை தானே செய்து காட்டிய சோதனை பெரிதன்றோ? இவ்வாறு பின்னோக்கிய கணக்கொன்றை, தெர்சாகி காட்டிய வழியில் நீரமுக்கத்தைக் கழித்து, இராசரத்தினம் என்பாரும் இந்திய நிலச்சரிவு அறிஞர் பண்டாரியும் வட்டவளைக்குச் செய்து 1994-ம் ஆண்டிலே வெளியிட்டனர். பரிகாரமும் அதே வழியில் வந்தது. பெரிய மதில் கட்டி மலையைத் தாங்குவதை விட, மண்ணின் அடியிலே நீண்ட துளைகள் இட்டு நிலத்தடி நீரை வடித்துவிடுவது மேல் என்று கண்டனர். கான் வெட்டிய எம் பாட்டனாரின் அறிவும் கணக்குப் பார்த்த அறிஞரின் அறிவும் அங்கே ஓரிடத்திற் சந்தித்தன.

கணக்கு இருந்தது, காணி இருக்கவில்லை

இனி நாம் சொல்லப் போவது மகிழ்ச்சியானதன்று. 2014-ம் ஆண்டு ஒக்டோபர் 29-ந் திகதி காலையில், பதுளை மாவட்டம் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்திலே மலை இறங்கி லயங்களை மூடியது. வேலைக்குப் போனவர்களும் பாடசாலைக்குப் போன பிள்ளைகளும் பிழைத்தனர். வீட்டிலிருந்தோர் மண்ணுள் மறைந்தனர். முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பலருடைய உடலும் கிடைக்கவில்லை. அந்த மலையடியே அவர்களுக்குச் சமாதியாயிற்று.

எம்மை வருத்துவது வேறொன்று. அவ்விடம் ஆபத்தானது, குடியிருப்போரை அகற்ற வேண்டும் என்று 2005-ம் ஆண்டிலும் 2011-ம் ஆண்டிலும் ஏற்கெனவே எச்சரிக்கப்பட்டிருந்தது. விஞ்ஞானம் தன் கடமையைச் செய்துவிட்டது. ஆனால் அம்மக்கள் எங்கே போவது? லயம் அவர்களுடையதன்று, நிலம் அவர்களுடையதன்று. 1948-ம் ஆண்டுச் சட்டத்தாற் பிரசாவுரிமை இழந்து, பல பத்தாண்டுகளின் பின் அதை மீளப் பெற்ற ஒரு சமூகத்துக்கு, பாதுகாப்பான மேட்டில் ஒரு துண்டு நிலம் என்பது எளிதிற் கிடைக்கும் பொருளன்று. கணக்கு இருந்தது, காணி இருக்கவில்லை. பிழைத்தவர்களுக்கு வேறிடத்திலே புதிய வீடுகள் 2016-ம் ஆண்டிற் கையளிக்கப்பட்டன. ஏழு பேர்ச் காணியோடு தனிவீடு என்ற பேச்சும் மலைநாடெங்கும் எழுந்தது. இவை முன்பே நடந்திருந்தால் என்று எண்ணாத நெஞ்சம் இராது.

2025-ம் ஆண்டு நவம்பர் இறுதியிலே தித்வா புயல் வந்தபோது இதே பாடம் மறுபடியும், இன்னும் பெரிய எழுத்தில், எழுதப்பட்டது. பல இடங்களில் ஒரே நாளில் 200 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. மலைநாட்டுப் புகையிரதப் பாதை பல இடங்களிற் சிதைந்தது. நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வளவு மழையிற் பல சாரல்களின் காப்புக் காரணி 1-க்குக் கீழே போனது வியப்பன்று. அச்சாரல்களின் கீழே ஆட்கள் உறங்கிக்கொண்டிருந்ததே துயரம்.

வாலிபர் கையில் உள்ளவை

பெரிய கணக்கை அறிஞர் செய்யட்டும். பேராதனையிலும் மொறட்டுவையிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் இத்துறையைக் கற்பிக்கின்றனர். எம் பிள்ளைகளுள் கணிதத்தில் ஆர்வமுள்ளோர் அத்துறைக்குப் போகவேண்டும் என்பது எமது அவா. தோட்டத்தில் பிறந்து, லயத்தின் பின்சுவரை அறிந்த ஒருவன், தன் மலையின் மண்ணுக்குத் தானே எண் கண்டுபிடிக்கும் நாள் வரவேண்டும்.

அதுவரை சங்கங்கள் செய்யக்கூடிய சிறு கணக்கும் உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைக்கு மூன்று எல்லைகளை வகுத்துள்ளது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது ஏறக்குறைய மூன்று அங்குல மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரானால் எச்சரிக்கை. புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றரானால், அல்லது ஒரு மணி நேரத்திலேயே 75 ஆனால், அபாய இடத்தை விட்டு வெளியேற வேண்டும். ஒரு மழைமானியை வைத்து, முறைபோட்டு இருவர் இரவும் பகலும் பார்த்தால், ஒரு தோட்டத்துக்கே காவல் வைத்தது போலாகும்.

மலையும் தன் நிலையைத் தானே அறிவிக்கும். பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். நிலத்திலும் சுவரிலும் புது வெடிப்பு. நேராக நின்ற மரமும் கம்பமும் சாய்தல். திடீரென்று இறுகிக்கொள்ளும் கதவு. இல்லாத இடத்தில் ஊற்று, இருந்த இடத்தில் வற்றிய பீலி. தெளிந்த நீர் கலங்கி வருதல். இவற்றைக் கண்டால் யாரையும் கேட்டுக்கொண்டிராது இடத்தை விட்டு நீங்குவதே அறிவு. "அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்பர். மலையும் அப்படியே, பெருஞ்சரிவின் முன் பெரும்பாலும் சிறிது சிறிதாக நகர்கிறது. வீட்டில் இருக்கும் முதியோரையும் நோயாளிகளையும் குழந்தைகளையும் முதலில் யார் அழைத்துப் போவது, எந்தக் கோயிலில் அல்லது பாடசாலையிற் கூடுவது, அக்கோயிலும் பாடசாலையும் தாம் பாதுகாப்பான இடத்தில் இருக்கின்றனவா என்பவற்றை வெயிற்காலத்திலேயே தீர்மானிக்க வேண்டும். தூர்ந்த கான்களைச் சிரமதானத்தாற் துப்புரவு செய்யலாம். லயத்தின் பின்சுவரை மேலும் வெட்டி இடம் பெருக்குவோரைத் தடுக்கலாம். ஆபத்தென்று குறிக்கப்பட்ட இடத்தின் பெயரை எழுதி, மாற்றுக் காணி கேட்டு, விடை வரும்வரை ஓயாது கேட்கலாம்.

கரும்புத் தீவில் நோயுற்ற குலோமும், சுருட்டுப் பெட்டியோடு உழைத்த தெர்சாகியும், யேட்டாவில் இறந்தோருக்காகத் துக்கித்த சுவீடியரும் சேர்த்து வைத்த அறிவு இன்று எம் வாசலில் நிற்கின்றது. மலையின் வலிமை எண்ணிலே தெரிகிறது. அந்த எண்ணைக் கேட்டு நடக்கும் வலிமை மக்களிடத்தே தோன்ற வேண்டும். அது தோன்றினால், அடுத்த மழைக்காலத்திலே மலை நகர்ந்தாலும், அதன் கீழே எவரும் இரார்.